அம்முணிக்கு, பத்தாம் நாள்

அம்முணி,

நேற்று போனில் இதையெல்லாம் சொல்லத்தான் வாயெடுத்தேன். கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் விட்டதையும் மஞ்சள் விலையையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். குட்டி தூங்கும்போது படி. அவளோடு நீயும் தூங்கிவிட்டால் இன்னும் நல்லது, கடிதம் எங்கேயும் ஓடிப்போகாது.

பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை போட்டுப் பத்து நாளாச்சு, ஒன்றும் மாறவில்லை, வாந்தி வருகிற மாதிரி இருப்பதுதான் மிச்சம், நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன் என்றாய். பால் கெட்டுவிடும் என்று சம்பந்தியம்மா சொல்வதாகவும் சொன்னாய். 33 வருஷம் அரசு ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் நின்றவனிடம் கேட்கிறாய், நானோ "பார்த்துச் செய் கண்ணு" என்று மழுப்பினேன்.

நிறுத்தாதே. உன் மாத்திரை, அந்தச் செர்ட்ரலின், வேலையைக் காட்டத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய 6, 8 வாரம்கூட ஆகலாம். குமட்டல் முதல் வாரமே வந்துவிடும், குணம் ஆடி அசைந்துதான் வரும். பாதிப்பேர் இந்த இடைவெளியில்தான் அட்டையைத் தூக்கி எறிவார்கள். சாப்பிட்ட பிறகு போடு, அநேகமாக ஒன்றிரண்டு வாரத்தில் வயிறு அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல், அளவையோ மருந்தையோ மாற்றுவார். தாய்ப்பாலில் இந்த மருந்து இறங்குவது மிகக் கொஞ்சம். பால் கொடுக்கிறவர்களுக்குப் பல டாக்டர்கள் இதை முதலில் எழுதுவது அதனால்தான். சம்பந்தியம்மாவிடம் நீ மல்லுக்கட்ட வேண்டாம், அதை நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

"இது பழகிடுமா சார்?" என்று ஜன்னலில் கேட்காத ஆளில்லை. பழகுகிற மாத்திரை வேறு. அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரைகளை இஷ்டத்துக்குப் போட்டால் விடாது. அந்தக் கெட்ட பெயரை உன் மாத்திரையும் சேர்ந்து சுமக்கிறது. இதைத் தேடி ஏங்க வைக்கிற குணம் இதற்கு இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், எரிச்சல் வரும். நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். தேறிவிட்டோம் என்று தோன்றும் நாளில் கைவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து நின்ற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

1994இல் நீ பிறந்தாய். பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாள் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்தில் தானாகத் தெளியும். உன் அம்மாவுக்குத் தெளியவில்லை. நீ வீரிட்டு அழுவாய், அவள் உன்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். தூக்க மாட்டாள். ராத்திரி நீ தூங்கினாலும் அவள் தூங்க மாட்டாள். உன் அப்பத்தா காத்துகருப்பு என்றார், பாரியூர் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவந்தார். நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஒருநாள் சொல்லியும்விட்டேன். அந்த வருஷமெல்லாம் காலையில் ஜன்னலில் நின்று எத்தனையோ பெண்களுக்கு அமிட்ரிப்டிலினும் இமிப்ரமினும், அந்தக் காலத்து மனச்சோர்வு மாத்திரைகள், எண்ணிக் கொடுத்தேன். "வாய் உலரும், தண்ணி குடிங்க" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அதே நோய் திண்ணையில் உட்கார்ந்திருக்கும், எனக்குத் தெரியாது.

ஒன்றரை வருஷத்தில் அவளாகவே மீண்டாள். அதை மீண்டது என்று சொல்லலாமா என்பது வேறு கணக்கு. போன வாரம் நீ பேசி வைத்த பிறகு, அவளிடம் முதல்முறையாகக் கேட்டேன். அந்த நாட்களில் மத்தியானம் கிணற்று மேட்டில் போய் நிற்பாளாம். நீ இடுப்பில் இருந்ததால் திரும்பி வந்தாளாம். 31 வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, அவளுக்குத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அதனால் மழுப்பாமல் கேட்கிறேன். உன் டாக்டர் கொடுத்த அந்தப் பத்துக் கேள்வித் தாள் 1987இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கியது, எடின்பரோ அளவுகோல் என்பார்கள். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதில் நீ என்ன டிக் அடித்தாய்? "எப்போதாவது" என்றாலும் எனக்குச் சொல், டாக்டருக்கும் சொல். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகும் என்பார்கள், அப்படி ஆகாது. நடுராத்திரியில் யாரையும் எழுப்பத் தயங்கினால் 14416க்கு அடி. டெலி மானஸ், அரசாங்கத்தோடது, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசில்லை. என்னை எழுப்பத் தயங்காதே. வயசாகிவிட்டது, எப்படியும் 3 மணிக்கு முழித்துத்தான் கிடக்கிறேன்.

இன்னொன்று, டாக்டரிடம் நீ சொல்லியிருக்க மாட்டாய், ஏனென்றால் உனக்கே தெரியாது. என் தங்கை, உன் சின்ன அத்தை, கல்யாணத்துக்கு முன் ஒரு மாதம் தூங்கவே இல்லை. ராப்பகலாய்ப் பேச்சு, சிரிப்பு, ஊரெல்லாம் கடன் வாங்கிப் பட்டுச்சேலைகள். அடுத்து ஆறு மாதம் படுக்கை. சம்பந்தம் கெட்டுவிடும் என்று வீட்டில் மூடிவிட்டோம். அது இருதுருவ நோயாக, அதாவது மனம் ஒருமுறை எல்லைமீறிய உற்சாகத்துக்கும் ஒருமுறை சோர்வுக்கும் போகிற நோயாக, இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். ரத்த சொந்தத்தில் அது இருந்தால் டாக்டர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அந்த எல்லைமீறிய உற்சாகத்தின் பக்கம் தூக்கிவிடக்கூடும். உனக்குத் தூக்கமே தேவைப்படாமல் திடீர் உற்சாகம் வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு. தைராய்டும் ரத்த அளவும் பார்த்தார்களா? பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறினால் இதே மாதிரி சோர்வு வரும்.

மாத்திரையோடு பேச்சு சிகிச்சைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றாய், "பேசி என்னப்பா ஆகப்போகுது" என்றாய். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. டாக்டர்கூட இல்லை, நம்மூர் கிராம செவிலியர் மாதிரி சுகாதாரப் பணியாளர்கள்தான் வீடு தேடிப்போய், மனச்சோர்வு இருந்த தாய்மார்களோடு முறையாகப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. சாதாரணமாய்ப் போய் வந்து பார்த்த வீடுகளில் 53 சதவீதம். "நான் கெட்ட அம்மா" என்ற நினைப்பு வரும்போது அதைப் பிடித்து நிறுத்தி, நிஜமா என்று கேட்கப் பழக்குவதுதான் முறை. அறிவுரை சொல்லுகிற ஆளிடம் போகாதே. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுக்கொள்.

சனிக்கிழமை ஈரோட்டில் ரயிலேறி நாங்கள் இருவரும் வருகிறோம். எத்தனை நாள் என்று கேட்காதே. ராத்திரி 2 மணிப் பால் அப்புச்சி கணக்கு. நீ எடுத்து வைத்தால் போதும், நான் கொடுத்துத் தூங்க வைக்கிறேன். ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல நீ தூங்க வேண்டும், அதுவும் மருந்துதான். மாப்பிள்ளையிடம் நான் பேசிவிட்டேன். நல்ல பிள்ளை, என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்.

மருந்துச் சீட்டையும் அட்டையையும் அலமாரி மேல்தட்டில் எடுத்து வை. வந்ததும் எத்தனை மீதி என்று எண்ணிப் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே, கைப்பழக்கம். கறிவேப்பிலைப் பொடியும் பருப்புப் பொடியும் கட்டியாகிவிட்டது. வேறென்ன வேண்டும் என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா