சாலை போடப் பணம் வருகிறது, பார்த்துக்கொள்ள ஆள் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையைச் சீரமைக்கக் கோரி, சேற்றில் நாற்று நட்டுப் போராடிய பெண்களின் படத்தைச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் பார்த்தேன். எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் மழை பிடித்துவிட்டால் இப்படி ஏதாவது ஓர் ஊர்ச் செய்தி வந்துவிடும். வட்டாட்சியர் வருவார், பேச்சுவார்த்தை நடக்கும், மறுநாள் இரண்டு டிப்பர் கிராவல் கொட்டி நிரவுவார்கள். அடுத்த மழையில் அந்தக் கிராவலும் சகதியாகிவிடும் என்பது நாற்று நட்டவர்களுக்கும் தெரியும், கொட்டச் சொன்னவர்களுக்கும் தெரியும். நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மம்பட்டி பிடித்தவனின் கணக்கில் இந்த விஷயம் எப்படித் தெரிகிறது என்பதை எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

1997-ல் தமிழகம் முழுக்கச் சுமார் பத்தாயிரம் பேரைச் சாலைப் பணியாளர்களாக எடுத்தார்கள். 2002 செப்டம்பரில் எல்லோரையும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006 பிப்ரவரியில்தான் திரும்ப எடுத்தார்கள். இடைப்பட்ட 41 மாதங்களில் எங்கள் குடும்பங்கள் பட்ட பாடு பெரியது. அதைச் சொல்லி அனுதாபம் தேடுவதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை. அந்த 41 மாதங்களில் சாலைக்கு என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நான் பார்த்துக்கொண்ட சாலைக்குத் திரும்பிப் போனபோது, ஓரத்து மண் தாரைவிட ஒரு சாண் உயர்ந்து கிடந்தது. சீமைக்கருவேலம் தார் விளிம்புவரை வந்திருந்தது. மதகுக் குழாய் ஒன்றுகூட வாய் திறந்து இல்லை. விளிம்பெல்லாம் கடித்துத் துப்பியதுபோல் உடைந்திருந்தது. அந்தக் காலத்தில் அந்த வழியில் புதிதாக லாரி ஓடவில்லை, பெருவெள்ளமும் வரவில்லை. கவனிக்க ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால்தான் சாலை அந்த நிலைக்குப் போயிருந்தது.

தார்ச்சாலைக்கு எமன் தண்ணீர். மழைநீர் இருபுறமும் வழிந்தோடட்டும் என்றுதான் சாலையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்திப் போடுகிறார்கள். ஓரத்து மண்ணை, நாங்கள் பெர்ம் என்போம், அவ்வப்போது வெட்டிச் சரித்துவிட வேண்டும். வெட்டாவிட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் சாலையிலேயே நிற்கும். நின்ற தண்ணீர் தாருக்கும் ஜல்லிக்கும் உள்ள பிடிப்பை விட்டுப்போகச் செய்யும். முதலில் ஒரு ஜல்லி பெயரும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு சக்கரமும் பக்கத்து ஜல்லியைப் பெயர்க்கும். எங்கள் பக்கம் கரிசல் மண் வேறு. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அடியில் தண்ணீர் இறங்கிவிட்டால் மேலே எத்தனை அங்குலம் தார் போட்டாலும் அமுங்கிவிடும்.

குழி சிறிதாக இருக்கும்போதே அதைச் சதுரமாக வெட்டி, தூசு போகத் தட்டி, தார் தடவி, கலவை போட்டு, திமிசுக்கட்டையால் இடித்துவிட்டால் அந்த இடம் மறுபடி பெயராது. கேங்கில், அதாவது சாலைப் பணியாளர் குழுவில், இருப்பவர்கள் அரை நாளில் முடித்துவிடும் வேலை அது. இன்றைக்கு ஊராட்சி ஒன்றியச் சாலைகளில் நடப்பது வேறு. வட்டக் குழியில் தண்ணீரைக்கூட இறைக்காமல் கல் உடைக்கும் கிரஷர் கழிவைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். வெயில் வந்தால் அது புழுதியாகப் பறந்து வீடுகளுக்குள் போகிறது.

எங்கள் ஊரிலிருந்து பஸ் போகும் பெரிய சாலைக்கு வர மூன்று பேருடைய சாலையைக் கடக்க வேண்டும். தெருவும் ஊர் எல்லைவரையும் ஊராட்சியின் பொறுப்பு. அதற்கப்புறம் ஓடை தாண்டும்வரை ஊராட்சி ஒன்றியத்தின் சாலை. ஓடைக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலை. மிகப் பெரிய பள்ளங்கள் இந்த எல்லைகளில்தான் இருக்கின்றன. ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்தால் அது துறையின் பகுதி என்கிறார்கள், துறையில் கேட்டால் ஒன்றியத்தின் பகுதி என்கிறார்கள். மனு கொடுக்கும் விவசாயிக்கு எந்தச் சாலை யாருடையது என்று தெரிய வழியில்லை. சாலைப் பதிவேடு ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்கிறது. ஆனால் கிராம சபையில் அதை வாசித்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

பணம் இல்லையா என்றால், போடுவதற்கு வரத்தான் செய்கிறது. 2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 10,000 கிலோமீட்டர், 4,000 கோடி ரூபாய். சராசரி போட்டால் கிலோமீட்டருக்கு 40 லட்சம். நன்றியோடு வரவேற்க வேண்டிய திட்டம் இது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி இருக்கிறது. அதிலிருந்தும் சாலை போடுகிறார்கள். 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைகளை, ஒப்பந்தம் எடுத்தவரே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும் என்ற விதி உண்டு. சாலையோரப் பலகையிலேயே அந்தத் தொகை ஆண்டுவாரியாக எழுதியிருக்கும். நல்ல ஏற்பாடு. ஆறாவது ஆண்டில் அந்தச் சாலைக்கு யார் மம்பட்டி எடுத்துப் போவது என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒன்றியங்களில் பொறியாளர் இருக்கிறார், பணி மேற்பார்வையாளர் இருக்கிறார், சாலைக்கென்று ஒரு கேங் இல்லை. பராமரிப்புச் செலவை யாரும் விரும்பிக் கேட்பதும் இல்லை. புதுச் சாலை என்றால் பூமி பூஜை உண்டு, கல்வெட்டு உண்டு, ஒப்பந்தம் உண்டு. பெர்ம் வெட்டியதற்கு யாரும் கல்வெட்டு வைக்க முடியாது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கவுன்சிலர்கள் தங்கள் வார்டுக்குக் கேட்பது புதுச் சாலைதான். வாக்காளர்களாகிய நாமும் அதைத்தான் கேட்கிறோம். இதனால் பழுது பார்த்தால் இன்னும் எட்டு ஆண்டு தாங்கக்கூடிய சாலையைக் கெட்டுப்போக விட்டு, முழுச் செலவில் மறுபடி போடுகிறோம். போடும்போதும் பழையதன் மேலேயே போட்டு உயர்த்துகிறோம். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள் உத்தரவிட்டார். எங்கள் பக்கத்துத் தெருக்களில் சுரண்டும் இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. சாலை உயர உயர வீட்டு வாசல் பள்ளமாகி, மழைநீர் திண்ணை ஏறுகிறது.

ஊராட்சியின் கையில் தானாகச் செலவழிக்க என்ன இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்ட பணம். மீதி 40 சதவீதத்தில்தான் மற்ற எல்லாத் தேவைகளும். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊராட்சிக்கு அந்த மானியமும் கிடையாது என்பது நிபந்தனை. எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து தலைவர்கள் வந்தார்கள். 2025 ஜனவரி 5-ம் தேதியோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. இதற்கு முன்பு 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இதே நிலை இருந்தது. தலைவர் என்று ஒருவர் ஊரில் இருந்தால் டீக்கடையில் நிறுத்தி, "ஏம்ப்பா, மதகு அடைச்சுக் கெடக்கே, பாத்தியா?" என்று கேட்கலாம். அவரும் மறுநாள் இரண்டு ஆளை அனுப்புவார். பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அப்படிக் கேட்க முடியாது.

அடுத்து, எங்கள் மாவட்டத்தில் யாரும் வாய் திறந்து பேசத் தயங்கும் விஷயம், கல்குவாரி லாரிகள். கிராமச் சாலையை எஸ்டிமேட் போடும்போது டிராக்டரும் மினி பஸ்ஸும் போகும் என்ற கணக்கில்தான் கனம் வைக்கிறார்கள். அதில் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் இரவு பகலாகப் போகின்றன. நான் வேலையில் இருந்தபோது உதவிப் பொறியாளர் ஒருவர் எங்களை உட்கார வைத்துச் சொல்லித் தந்தார்: அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிச் சோதித்துக் கண்ட கணக்கின்படி, அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. 2018-ல் நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு அனுமதித்த பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக ஒன்றிய அரசு உயர்த்தியது. அதே கணக்கில் பார்த்தால் சட்டப்படி ஏற்றும் லாரியே முன்னைவிடச் சுமார் 60 சதவீதம் கூடுதலாகச் சாலையைக் கெடுக்கும். சட்டத்தை மீறி ஏற்றுவதற்குக் கணக்கே இல்லை.

ஊரில் இதைக் கேட்பது எளிதல்ல. டிப்பர் வைத்திருப்பவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். ஓட்டுநர்கள் நம் ஊர்ப் பையன்கள். கோயில் திருவிழா வந்தால் குவாரியிலிருந்து நான்கு லோடு கழிவு இலவசமாக வந்து குழிகளை மூடும், நன்கொடையும் வரும். அதோடு பேச்சு நின்றுவிடும். அந்தப் பையன்களின் பிழைப்பைக் கெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல் எடுக்கும் நிலங்களுக்கு வரி விதிக்க 2024-ல் நம் சட்டமன்றம் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த வரியில் ஒரு பங்கை, அந்த லாரிகள் ஓடும் சாலைகளுக்கென்று ஒன்றியவாரியாகத் தனிக்கணக்கில் வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். சாலையைத் தேய்ப்பவர்களின் பணம் சாலைக்கே திரும்புவது நியாயம்தானே. மக்காச்சோளம் ஏற்ற வரும் லாரிக்காரர் எங்கள் ஊர்ச் சாலையைப் பார்த்துவிட்டு வாடகையைக் கூட்டிக் கேட்கிறார். வியாபாரி அதை விவசாயியின் விலையில் கழித்துக்கொள்கிறார். இன்றைக்கு இந்தச் சேதத்துக்குக் காசு கட்டுவது மானாவாரி விவசாயிதான்.

ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் நிரந்தரமாக ஒரு சாலைக் கேங் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பருக்குள், எல்லாப் பெர்மும் வெட்டி எல்லா மதகும் திறந்திருக்க வேண்டும். அதற்கான தொகை ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும், புதுச் சாலைக்கு அதை மாற்றக் கூடாது. பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி நெடுஞ்சாலைத் துறை சில இடங்களில் பராமரிப்பை ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறது. பெரிய சாலைகளுக்கு அது சரிப்பட்டு வரலாம். இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று துண்டு துண்டாகக் கிடக்கும் கிராமச் சாலைகளுக்கு அந்தந்த ஊர் ஆட்களை வேலைக்கு வைப்பதுதான் பொருந்தும். எங்கே தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஊர் இளைஞர்களுக்கு ஒரு தகவல். 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காகிதத்தின் நகல் மட்டும் கேட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது. எஸ்டிமேட்டும், செய்த வேலையின் அளவைப் பதியும் எம்-புக்கும் கேட்டு வாங்கி, அளவு நாடாவோடு சாலைக்குப் போங்கள். தார் போடும் நாளில் நான்கு பேர் கூட நின்றாலே வேலையின் தரம் மாறும். இதை மறுபக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தவன் நான்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். சாலைப் பணி தொடக்க விழாப் படம் போடும்போது, விருந்தினர் பெயர்களோடு எந்த நிதி, எத்தனை மீட்டர், எவ்வளவு கனம், முடிக்க வேண்டிய தேதி, எத்தனை ஆண்டு பராமரிப்பு என்ற ஐந்து விவரங்களையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். அந்தத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று கேட்க எங்கள் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர்,
பெரம்பலூர் மாவட்டம்.