ஹோத்தின் கதையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்

நோர்ஸ் (பழைய வடஐரோப்பிய) தொன்மக் கதைகளைத் தமிழில் எழுதுவோருக்கும் காணொளியில் சொல்வோருக்கும் வணக்கம்.

தேவர்களின் தலைவன் ஓடினின் மகன் பால்டர். அவன் கொலையைச் சொல்லும்போது, அவனைக் கொன்ற சகோதரன் ஹோத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறீர்கள்: கண் தெரியாதவன், சூழ்ச்சிக்காரன் லோகி ஏமாற்றினான், எறிந்தான். ஐஸ்லாந்தின் ஸ்னோரி 13ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘உரைநடை எட்டா’ என்ற தொன்மக் கதை நூலில் அந்தக் காட்சி இவ்வளவு மெலிந்ததல்ல.

எதுவும் பால்டரைக் காயப்படுத்தாது என்று தாய் ஃப்ரிக் எல்லாவற்றிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள். புல்லுருவி மட்டும் மிகவும் இளையது என்று விட்டுவிட்டாள். அதனால் பால்டரை நடுவில் நிறுத்தி விளையாட்டாகத் தேவர்கள் அம்பெய்கிறார்கள், வெட்டுகிறார்கள், கல்லெறிகிறார்கள். ஹோத் வட்டத்தின் வெளியோரத்தில் நிற்கிறான். நீ ஏன் எறியவில்லை என்று லோகி கேட்க, அவன் சொல்லும் காரணம் இரண்டு: பால்டர் நிற்கும் இடம் தெரியவில்லை, கையில் ஆயுதமும் இல்லை. இந்த இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பலசாலி என்று ஸ்னோரியே சொல்லும் ஒருவன் கையில் அதுவரை யாரும் ஒரு கல்லைக்கூடக் கொடுக்கவில்லை! மற்றவர்களைப் போல நீயும் பால்டருக்கு மரியாதை செய் என்று சொல்லித்தான் லோகி புல்லுருவிக் குச்சியைக் கொடுத்துத் திசை காட்டுகிறான். ஹோத் எறிய, பால்டர் இறக்கிறான். மரியாதை என்ற அந்தச் சொல் போனால் ஹோத் வெறும் முட்டாளாகிவிடுகிறான்.

அது புனித இடம் என்பதால் அங்கேயே பழிவாங்க முடியாது. பழி பிறகு வருகிறது. அதற்குப் பழைய நோர்ஸ் பாடல்களான ‘வோலுஸ்பா’வையும் ‘பால்டரின் கனவுகள்’ஐயும் பார்க்க வேண்டும். ஓடினுக்கும் ரிண்டுக்கும் பிறந்த வாலி, பிறந்து ஒரே இரவு ஆனவன், கை கழுவாமல் தலை வாராமல் போய் ஹோத்தைக் கொல்கிறான். இராமாயண வாலியோடு குழம்பாதிருக்க, முதல் முறையே ‘ஓடினின் மகன்’ என்று சேர்த்துவிடுங்கள். லோகியின் தண்டனையோடு கதையை நிறுத்தினால், அறியாமல் செய்ததற்கு உயிரையே கொடுத்தவன் மறைந்துபோகிறான். ரக்னரோக் என்ற உலக அழிவுக்குப் பின் பால்டரும் ஹோத்தும் திரும்பி வந்து ஒன்றாக வாழ்வதாக வோலுஸ்பா பாடுவதையும் தயவுசெய்து சேருங்கள்.

அண்ணன், தம்பி என்று எழுதாதீர்கள். பால்டர், ஹோத் இருவரில் மூத்தவர் யார் என்று மூலத்தில் இல்லை. சகோதரன் போதும்.

டென்மார்க்கின் வரலாற்றாசிரியர் சாக்ஸோ சொல்லும் கதையை இதோடு கலக்கவே கலக்காதீர்கள். அங்கே ஹோத் பார்வையுள்ள மனித வீரன். நன்னா என்ற பெண்ணுக்காகப் பால்டரோடு போரிட்டு வாளால் கொல்கிறான். அதைச் சொல்ல விரும்பினால் தனிக் கதையாகவே சொல்லுங்கள்.