கீழிமை அறுவைக்குப் பின் நிற்கும் கட்டி: ஊசிக்கு முன் காரணம் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை எடுக்கும் அழகு அறுவை பற்றிப் பத்திரிகைகளில் நிறையவே எழுதப்படுகிறது. அறுவை முடிந்து மாதக்கணக்கான பிறகும் இமையில் தட்டுப்படும் கட்டியைப் பற்றி எழுதுவோர் குறைவு. அந்தக் கட்டியோடு அலைபவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இரண்டுதான்: "தேய்த்துவிடுங்கள், போய்விடும்", அல்லது "ஒரு ஊசி போட்டால் கரைந்துவிடும்." சில கட்டிகளுக்கு இரண்டுமே சரி. வேறு சில கட்டிகளுக்கு இரண்டுமே கேடு. கட்டி எதனால் ஆனது என்று தெரியாமல் யாரும் ஊசியைக் கையில் எடுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில் இருப்பது. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட அதற்குக் கிடையாது. தோலுக்கு அடியில் கொழுப்புப் படலமும் இல்லை என்றே சொல்லலாம். கன்னத்தில் இருந்தால் கண்ணுக்கே தெரியாத முடிச்சு, இமையில் அரிசியளவு இருந்தாலும் நிழல் விழச் செய்யும். தோலுக்கு அடியில் கண்ணை மூடும் வளையத் தசை, அதன் பின்னால் ஒரு தடுப்புச் சவ்வு, அதற்கும் பின்னால் மூன்று கொழுப்புப் பொதிகள் உள்ளன: மூக்குப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, காதுப் பக்கம் ஒன்று. மருத்துவர் இமையின் உட்புறம் வழியாக உள்ளே போவார்; இல்லையென்றால் இமைமயிருக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கீழே தோலைத் திறந்து போவார். கொழுப்பை வெட்டி எடுப்பதும் உண்டு, இமைக்கும் கன்னத்துக்கும் இடைப்பட்ட பள்ளத்தின்மேல் அதை இறக்கித் தைப்பதும் உண்டு. வயிற்றிலோ தொடையிலோ எடுத்த கொழுப்பை ஊசிவழி நிரப்புவது இன்னொரு முறை. இவற்றில் எது நடந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் வந்த கட்டியைப் பற்றிப் பேசவே முடியும்.

முதல் கேள்வி, அறுவை நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது. வீக்கத்தில் பெரும்பகுதி இரண்டு மூன்று வாரங்களில் வடிந்துவிடும். மிச்சம் மூன்று முதல் ஆறு மாதம்வரை இழுக்கலாம். இமையின் நிணநீர் பெரும்பாலும் காதுப் பக்கமாக வடிகிறது. வெளிமூலையில் வெட்டு விழுந்தால் அந்த வழி அறுபட்டு, புதிதாக உருவாகும்வரை நீர் தேங்கும். காலையில் எழும்போது அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருந்தால் அது நீர் வீக்கம்தான். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுப்பதும் உப்பைக் குறைப்பதும் பொறுத்திருப்பதும்தான் அதற்கு வைத்தியம். முதல் 48 மணி நேரத்துக்குக் குளிர்ந்த ஒத்தடம், ஒரு முறைக்கு 10 முதல் 15 நிமிடம். ஐஸ் கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது.

எடுபடாமல் தங்கிய கொழுப்பு வேறு மாதிரி நடந்துகொள்ளும். மிருதுவாக, வலியில்லாமல், வீக்கம் வடிந்த பிறகு கண்ணில் படத் தொடங்கும். பெரும்பாலும் காதுப் பக்கத்துப் பொதியாக இருக்கும், அதுதான் அறுவையில் எளிதில் விட்டுப்போவது. கண்ணாடி முன் தலையை அசைக்காமல் பார்வையை மட்டும் மேலே உயர்த்துங்கள்: புடைப்பு பெருக்கும். கீழே பாருங்கள்: தணியும். இதைத் தேய்ப்பதால் ஒரு பயனும் இல்லை. இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. பக்கத்தில் கொழுப்பை அளவுக்கு மீறி எடுத்ததால் பள்ளம் விழுந்து, இயல்பான இடமே மேடாகத் தெரியும். அந்த மேட்டையும் வெட்டினால் முகம் இன்னும் குழிந்துபோகும். அங்கே பள்ளத்தை நிரப்புவதுதான் சிகிச்சை.

இறக்கித் தைத்த கொழுப்பு முதல் இரண்டு மூன்று மாதம் எலும்பு விளிம்பை ஒட்டிக் கெட்டியாகத் தட்டுப்படுவது வழக்கம். பெரும்பாலும் தானே மிருதுவாகும். இரத்த ஓட்டம் குறைந்து கொழுப்பின் ஒரு பகுதி அழிந்துவிட்டால் கெட்டியான முடிச்சோ எண்ணெய் நிறைந்த பையோ மிஞ்சும். ஊசிவழி நிரப்பிய கொழுப்பில் தொல்லை அதிகம். தோலுக்கு மிக அருகில் வைத்தாலோ, ஒரே இடத்தில் பெரிய துளியாக விட்டாலோ முடிச்சு நிற்கும். பள்ளத்தை நிரப்ப ஊசிவழி போடும் கூழான ஃபில்லரைக் கரைக்கும் ஹையலுரோனிடேஸ் என்ற மருந்து இதைத் தொடாது. உடல் எடை கூடினால் இந்தக் கொழுப்பும் சேர்ந்து பெருக்கும். நின்றுபோன முடிச்சைக் கடைசியில் சிறிய திறப்பு வழியாக வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், மெல்லிய இமையில் அது நுணுக்கமான வேலை.

உறைந்த இரத்தமும் தழும்புத் திசுவும்தான் ஊசிக்கும் தேய்ப்புக்கும் உரியவை. நான்காவது ஆறாவது வாரத்தில் கெட்டியாகி, தோலோடு ஒட்டிக்கொண்டு, மூன்று மாதம்வரை அப்படியே நின்று, பிறகு மெல்ல இளகுவது தழும்பின் போக்கு. முழுதும் அடங்க ஓராண்டுகூட ஆகலாம். தையல் ஆறிய பின், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்து, மருத்துவர் அனுமதித்த பிறகு மட்டும் தேய்க்கலாம். விரல் நுனியின் சதையால் எலும்பின்மேல் அழுத்தி, மேல்நோக்கியும் வெளிநோக்கியும் நகர்த்த வேண்டும். ஒரு தடவைக்குச் சில நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை போதும். கீழ்நோக்கி இழுத்தால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இமை விலகி, கண்ணின் வெண்மை கூடுதலாகத் தெரியும். கொழுப்பு நிரப்பியவர்கள் முதல் சில வாரங்கள் தேய்க்கவே கூடாது.

ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், கெடுதல் அதிகம் நடப்பது இங்கேதான். தழும்பை இளக்கப் பயன்படும் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம், 40 மில்லிகிராம் என்ற வலிமைகளில் கிடைக்கிறது. 40 வலிமையை அப்படியே இமையில் போடுவது பொறுப்பற்ற செயல். 10 அல்லது அதற்கும் குறைவான வலிமைக்கு நீர்த்து, ஒரு முறைக்கு 0.1 மில்லிலிட்டர் போன்ற சிறு அளவை, தோலுக்குள் அல்லாமல் முடிச்சின் உள்ளேயே செலுத்த வேண்டும். அடுத்த ஊசிக்கு நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அளவு மீறினால் தோல் மெலியும், நிறம் வெளுக்கும், சுற்றியுள்ள நல்ல கொழுப்பும் கரைந்து பள்ளம் விழும்; மெல்லிய தோலுக்கு அடியில் மருந்தே வெண்புள்ளியாகத் தெரியும். கண் அழுத்தம் ஏறலாம். அரிதாக, மருந்துத் துகள் இரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வையே பறிபோனதும் உண்டு. ஸ்டீராய்டின் அளவைக் குறைப்பதற்காகப் பலர், திசு வளர்ச்சியைத் தடுக்கும் 5-ஃபுளோரோயுராசில் மருந்தை அதோடு கலக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது.

முன்பு கண்ணுக்குக் கீழே ஃபில்லர் போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஹையலுரோனிக் அமில ஃபில்லர் அந்த இடத்தில் பல ஆண்டுகள் தங்கும். நீரை இழுத்து உப்பும். சில நேரம் நீலம் பாய்ந்த மேடாகத் தெரியும். ஹையலுரோனிடேஸ் போட்டால் ஒன்றிரண்டு நாளில் பலன் தெரியும். தேனீ, குளவி கொட்டி ஒவ்வாமை வந்தவர்கள் அந்த ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். கால்சியம் சார்ந்த ஃபில்லரும் சிலிக்கோனும் இந்த ஊசிக்குக் கரையா. எது இருக்கிறது என்று ஐயம் வந்தால், உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்ட் கொழுப்பையும் ஃபில்லரையும் நீர்ப்பையையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும்.

வெட்டின் வழியே உள்ளே போன பாரஃபின் களிம்பும் மாதங்கள் கழித்துக் கெட்டியான முடிச்சாக வெளிப்படலாம். இமையின் உட்புறம் சிவந்த சதை வளர்ந்து, கண்ணீரில் இரத்தம் கசிந்தால், வெட்டு ஆறும்போது மிகுந்து வளர்ந்த சதை அது; ஸ்டீராய்டு சொட்டு மருந்தில் பெரும்பாலும் சுருங்கும், சுருங்காவிட்டால் நறுக்கி எடுப்பார்கள். வெளிமூலையில் இமையை இழுத்துக் கட்டும்போது போட்ட கரையாத தையலின் முடிச்சு குத்துவதும் உண்டு. அதை எடுத்தால் தீரும்.

தவறவே விடக் கூடாதது தொற்று. அறுவை ஆறி, சில வாரமோ மாதமோ கழித்து, புதிதாகச் சிவந்த, தொட்டால் வலிக்கும் முடிச்சு ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு மைக்கோபாக்டீரியாக்கள் காரணமாக இருக்கலாம். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகள் இவற்றை அசைக்காது. தழும்பு என்று எண்ணி ஸ்டீராய்டு ஊசி போட்டால் தொற்று பரவிவிடும். முடிச்சிலிருந்து திசு எடுத்து, இந்தக் கிருமிகளைத் தேடுமாறு ஆய்வகத்துக்குத் தனியாகக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். கிருமி வளர்ப்பை ஆறு முதல் எட்டு வாரம்வரை வைத்துப் பார்ப்பார்கள், அதற்கு முன் 'ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. மருந்து பல மாதம் தொடரும்.

கன்ன எலும்பின்மேல், இமையின் எல்லைக்கும் கீழே தொங்கும் வீக்கம் கொழுப்புப் பையே அல்ல. கீழிமை அறுவை அதைச் சரிசெய்யாது, சில நேரம் கூட்டியும் விடும். தைராய்டு, சிறுநீரகம், ஒவ்வாமை ஆகியவற்றைச் சோதித்த பிறகே அதற்கு வழி தேட வேண்டும். வெட்டுக் கோட்டில் வரும் சிறு வெண்புள்ளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், மருத்துவர் ஊசிமுனையால் திறந்துவிடுவார். இமை விளிம்பு எண்ணெய்ச் சுரப்பி அடைத்து வரும் கட்டிக்குச் சூடான ஒத்தடம் போதும். ஆனால் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வந்து இமைமயிரும் உதிர்ந்தால் திசுப் பரிசோதனை கட்டாயம், சுரப்பிப் புற்றுநோய் அந்த வேடத்தில் வரும். மூக்கோரத்துக் கட்டியோடு கண்ணில் நீரும் சீழும் வடிந்தால் கண்ணீர்ப்பையைப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு பொருள் கையில் இருக்கட்டும். ஒன்று, அறுவைக் குறிப்பின் நகல்: எந்த வழியாகத் திறந்தார்கள், எந்தப் பொதியில் என்ன செய்தார்கள், என்ன தையல், கொழுப்பு நிரப்பினார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும், கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. மற்றொன்று, புகைப்படங்கள். அறுவைக்கு முன் எடுத்தவையும், பிறகு வாரம் ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், நேராகப் பார்த்தும், மேலே பார்த்தும், சிரித்தும் எடுத்தவையும் வேண்டும். சிரிக்கும்போது மட்டும் இமைமயிருக்குக் கீழே உருண்டு திரள்வது வளையத் தசை. அதை வெட்டச் சொல்லாதீர்கள்.

மறு அறுவைக்குக் குறைந்தது ஆறு மாதம் காத்திருப்பது நல்லது. தழும்பு இளகாத இமையில் கை வைத்தால் இமை சுருங்கிக் கீழே இழுபடும் ஆபத்து கூடும். தொற்றும், கருவிழி காயும் அளவுக்கு மூடாத இமையும், வளரும் சிவந்த சதையும் இந்தக் காத்திருப்புக்கு உட்பட்டவை அல்ல. அறுவை நாளிலோ மறுநாளோ கடும் வலியோடு விழி முன்னே தள்ளி, இமை இறுகி, பார்வை மங்கினால் அது விழிக்குப் பின்னால் இரத்தக் கசிவு. ஒன்றரை மணி நேரத்துக்குள் அழுத்தத்தை இறக்காவிட்டால் பார்வை திரும்பாமலே போகலாம். தொலைபேசியில் விவரம் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வெளிமூலையைத் திறந்து அங்கேயே அழுத்தத்தைத் தணிப்பார்கள்.

இமை அழகு அறுவை பற்றி உங்கள் நாளிதழில் இனி கட்டுரையோ விளம்பரச் செய்தியோ வரும்போது, இந்த அபாய அறிகுறிகளையும் அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்கும் ஆலோசனையையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கண்ணிமைச் சீரமைப்பு அறுவைத் துறையைச் சேர்ந்த வாசகர்கள்