குளிர்ந்த கடலில் சிப்பி எப்படி வளர்கிறது?

சல்டானா விரிகுடா,
தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பிக்கு,

கடியப்பட்டணத்தில் கயிறு கட்டி, பாறையில் ஒட்டி வளரும் கல்லுமேக்காய்ச் சிப்பி வளர்க்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இந்த ஐஸ் தண்ணீரில் சிப்பி எப்படி வளர்கிறது என்று கேட்டிருக்கிறாய். இந்த நாட்டின் கிழக்குக் கரையில், டர்பனில் இருக்கும் நம் தமிழர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்கள் கடல் கோடையில் 24, 25 டிகிரி இருக்கும். ஆனாலும் இந்த நாட்டுச் சிப்பிப் பண்ணைகள் ஏறக்குறைய எல்லாமே குளிர்ந்த மேற்குக் கரையில், சல்டானாவில்தான்.

காரணம் தீனி. கோடையில் தென்கிழக்குக் காற்று பிடித்து அடித்தால் கரையோர மேல்நீர் வெளியே போய்விடும். 10 முதல் 13 டிகிரிக் குளிரோடு அடிநீர் மேலே வரும். அதில் பாசிக்கு உரமான நைட்ரேட் நிறைய. வெயிலும் சேர்ந்தால் சிப்பியின் தீனியான நுண்பாசி பெருகிக் கடல் கலங்கலாகிவிடும். டர்பன் பக்கம் ஓடும் அகுல்யாஸ் நீரோட்டமோ வெதுவெதுப்பும் தெளிவுமானது. பார்க்க அழகு, வடிகட்டித் தின்னும் சிப்பிக்கு வயிறு நிறையாது.

சூடு கூடினால் சிப்பி வேகமாக வளரும் என்பது தீனி இருக்கும்வரைதான் சரி. 10 டிகிரி ஏறினால் அதன் உடல் செலவு சுமார் இரண்டு மடங்காகும். அந்த அளவுக்குத் தீனி கூடாவிட்டால் தன் சதையைக் கரைத்தே உயிர் வாழும். வெதுவெதுப்பான நீரில் அடிக்கடி முட்டையும் விடும். ஓடு நீண்டிருக்கும், உள்ளே சதை இருக்காது.

இனத்துக்கு இனம் தாங்கும் சூடும் வேறு. இங்கே வளர்வது மத்தியதரைக்கடல் சிப்பி. 1979-இல் இந்த விரிகுடாவில் முதலில் காணப்பட்டது. 25 டிகிரிக்கு மேல் திணறும். கயிற்றில் ஒரு வருஷத்துக்குள் விற்கும் அளவு வந்துவிடுகிறது. அயர்லாந்தில் இதன் உறவான நீலச் சிப்பிக்கு 18 முதல் 24 மாதம் ஆகும். கேரளத்துக் காயலில் பச்சைச் சிப்பி 5, 6 மாதத்தில் 80 மில்லிமீட்டரைத் தொடும். இந்த நாட்டு ஹெர்மானஸ் ஊரில் வளர்க்கும் அபலோன் என்ற ஒற்றை ஓட்டு நத்தைக்கோ 4, 5 வருஷம் வேண்டும். அதனால் இனத்தைச் சொல்லாமல் யாராவது வளர்ச்சிக் கணக்குச் சொன்னால் நம்பாதே.

நம் கடலிலும் இதே வேலை நடக்கிறது. ஆனி ஆடியில் முட்டத்தில் தண்ணீர் சில்லென்று இருக்குமே, அதுவும் அடிநீர் மேலே வருவதுதான். பாறையில் குஞ்சு ஒட்டுவது அதற்குப் பின்னால். கார்த்திகையில் 20, 25 மில்லிமீட்டர் குஞ்சை எடுத்துக் கட்டு; அடுத்த ஆனிக்கு முன் அறுத்துவிடு. மழைக்காலக் கடலில் கயிறு நிற்காது.

மீட்டருக்கு 500 முதல் 750 கிராம் குஞ்சு போதும். கயிற்றைச் சுற்றி வைத்து, பருத்திக் கொசுவலையால் மூடித் தைத்துவிடு. வலை சில நாளில் மக்கிப் போகும். அதற்குள் குஞ்சு நார்விட்டுப் பிடித்துக்கொள்ளும். நைலான் வலை மக்காது, குஞ்சை நெரித்துவிடும். ஆசைப்பட்டு இரண்டு மடங்கு போட்டால் வெளியே இருப்பது கொழுக்கும், உள்ளே இருப்பது பட்டினி கிடக்கும், கடைசியில் கொத்தோடு நழுவி விழும். கயிற்றின் அடிமுனை தரையைத் தொடக் கூடாது, நண்டு ஏறிவிடும். ஆற்றுவாய்க்குப் பக்கத்திலும் கட்டாதே, மழைநீர் இறங்கி உப்பு குறைந்தால் கூட்டமாகச் சாகும்.

மாதம் ஒருமுறை ஒரே ஆழத்திலிருந்து 50 சிப்பி எடு. வெர்னியர் அளவுகோலால் நீளம் அள. பிறகு அவித்து, சதையை மட்டும் நிறுத்து, அவிக்கும் முன் ஓட்டோடு இருந்த முழு எடையில் நூற்றுக்கு எவ்வளவு என்று பார். நீளம் ஏறி, சதை இறங்கினால் ஒன்று முட்டை விட்டிருக்கும், அல்லது தீனி பற்றவில்லை. சின்னது வேகமாகவும் பெரியது மெதுவாகவும் வளரும். ஆகவே ஒரே அளவுச் சிப்பிகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. தீனி தரும் அதே பாசிகளில் சில விஷம். இங்கே கடல் சிவந்தாலும் சரி, சிவக்காமலே சோதனையில் விஷம் தெரிந்தாலும் சரி, அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அந்த விஷம் அவித்தால் போகாது, சிப்பி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். தண்ணீர் நிறம் மாறினால் வீட்டுக்கும் எடுக்காதே, சந்தைக்கும் அனுப்பாதே.

முதல் மாதக் கணக்கை எழுதும்போது தண்ணீர்ச் சூட்டையும், எந்த ஆழத்தில் எடுத்தாய் என்பதையும் சேர்த்து எழுது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு.

உன் அண்ணன்