சுவரில் பல்லி, சுவரில் ஓட்டை: மும்பைத் தொடக்கப் பள்ளி ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தாராவியில் 14 ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்திவருகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி என்று மூன்று மொழிகளில் புழங்கும் இவர்களுக்கு நான்காவதாக வந்து சேரும் ஆங்கிலத்தின் முன்னிடைச்சொற்களை, அதாவது வகுப்பில் நாம் ‘ப்ரிபொசிஷன்’ என்றே சொல்லிப் பழகிவிட்டவற்றை, கற்பிக்கும் முறை குறித்து உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற பருவத் தேர்வில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மரக்கிளைகளுக்கு நடுவே பறவை அமர்ந்திருக்கும் படத்தின் கீழ் இருந்த கோடிட்ட இடத்தில் ‘இன்’ என்று எழுதினாள். விடைக்குறிப்பில் ‘ஆன்’ என்று இருந்ததால் அது தவறென அடிக்கப்பட்டது. இலைக்கும் கிளைக்கும் இடையே இருக்கும் பறவையை ஆங்கிலத்தில் வழக்கமாக ‘இன் த ட்ரீ’ என்றுதான் சொல்வார்கள். அதே மரத்தில் காய்த்துத் தொங்கும் மாங்காய்க்குத்தான் ‘ஆன் த ட்ரீ’. ஆகவே அவள் எழுதியது சரி. ஆனால் அது ஏன் சரி என்று அவளுக்கும் தெரியவில்லை. கேட்டபோது, “‘இல்’ வந்தால் ‘இன்’ போடணும் மிஸ்” என்றாள். ஒரு மதிப்பெண் போனதைவிட இந்தப் பதில்தான் என்னை அதிகம் உறுத்தியது.

‘இல்’ என்றால் ‘இன்’ என்னும் வாய்பாடு, ஓசையும் ஏறத்தாழ ஒத்துப்போவதால், பிள்ளைகள் மனத்தில் பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. அதை ஒட்டவைப்பவர்கள் நாம்தான்; தொடக்கத்தில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். தமிழில் சுவரில் பல்லி இருக்கிறது, சுவரில் ஓட்டையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் பல்லிக்கு ‘ஆன்’, ஓட்டைக்கு ‘இன்’. தாராவியில் வீடு, 90 அடிச் சாலையில் கடை, சயான் ஸ்டேஷனில் கூட்டம் என்று நாம் ஒரே உருபால் சொல்லிவிட்டுப் போவதை, ஆங்கிலம் பரப்பாகப் பார்த்தால் ‘இன்’, கோடாகவோ மேற்பரப்பாகவோ பார்த்தால் ‘ஆன்’, ஒரு புள்ளியாகப் பார்த்தால் ‘அட்’ என்று மூன்றாகப் பிரிக்கிறது. தமிழில் நுட்பம் குறைவு என்பதல்ல இதன் பொருள். ஏழாம் வேற்றுமைக்கு உரியனவாகத் தொல்காப்பியம் கண், கால், புறம், அகம், உள் எனத் தொடங்கி, கீழ், மேல், பின், முன், இடை என்று நீண்ட வரிசையே தருகிறது. தேவைப்படும்போது மட்டும் அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் ‘இல்’லோடு நிறுத்திக்கொள்வது தமிழின் இயல்பு. ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

மும்பைப் பிள்ளைகளுக்கு இதில் சென்னைப் பிள்ளைகளுக்குக் கிட்டாத வசதி ஒன்று உண்டு. டப்பாவுக்குள் இருந்தால் இந்தியில் ‘டப்பே மே’, அதன் மேல் இருந்தால் ‘டப்பே பர்’. மராத்தியில் முறையே ‘டப்யாத்’, ‘டப்யாவர்’. ‘இன்’, ‘ஆன்’ என்னும் பிரிவு அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. நான் டிபன் டப்பாவை நடுவில் வைத்து, ஒரு பென்சிலை உள்ளே போட்டும் மேலே வைத்தும் அடியில் தள்ளியும், மூன்று மொழியிலும் சொல்லவைத்த பிறகே ஆங்கிலச் சொல்லுக்கு வருகிறேன். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி ஒலிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, தொடக்க வகுப்பில் இந்த ஒரு பாடத்துக்காவது தளர வேண்டும்.

இந்த உதவிக்கும் ஓர் எல்லை உண்டு. இந்திக்காரர் ‘ஸ்டேஷன் பர்’ சந்திக்கச் சொல்வார். மரத்தில் இருக்கும் பறவையும் அவருக்குப் ‘பேடு பர்’தான். அந்த விடைக்குறிப்பை எழுதியவர் மனத்திலும் இந்தப் ‘பர்’ ஓடியிருக்குமோ என்பது என் ஐயம். ‘என் மேல் கோபம்’ என்னும் நம் வழக்கும் ‘முஜ் பர் குஸ்ஸா’வும் கைகோத்துக்கொண்டு ‘ஆங்க்ரி ஆன் மீ’ ஆவதை நாள்தோறும் கேட்கிறேன். இவற்றுக்கு டப்பாவும் பென்சிலும் உதவா. ‘ஆங்க்ரி வித்’, ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்று முழுத் தொடராகவே காதில் விழுந்து விழுந்துதான் படிய வேண்டும். மேலும், நம் மூன்று மொழிகளிலும் இடம் காட்டும் சொல் பெயருக்குப் பின்னால் வருவதால், சின்னப் பிள்ளைகள் ‘பாக்ஸ் இன்’ என்று தொடங்குவது இயல்பு. அதற்காக அதட்டாதீர்கள்.

வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே பக்கத்தில் பத்து முன்னிடைச்சொற்களைப் படத்தோடு அச்சிட்டு ஒரு வாரத்தில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. குழந்தைமொழி ஆய்வாளர்களான ஜூடித் ஜான்ஸ்டனும் டான் ஸ்லோபினும் ஆங்கிலம், இத்தாலியம், செர்போ-குரோஷியம், துருக்கி ஆகியவற்றைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளை ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட கட்டுரை, உள்ளே, மேலே, அடியில், பக்கத்தில் ஆகிய பொருள்கள் முதலிலும், இடையில், முன்னால், பின்னால் ஆகியவை பின்னரும் வாய்ப்பதைக் காட்டியது. தாய்மொழியிலேயே படிப்படியாக வருவதை, அரைகுறையாகக் கேட்கும் மொழியில் ஒரே வாரத்தில் திணிப்பது எப்படி? நாள், மாதம், மணி ஆகியவற்றுக்கு இதே சொற்களைப் பயன்படுத்தும் பாடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தாலும் நட்டமில்லை.

அடுத்த பருவத் தேர்வுக்கு விடைக்குறிப்பு எழுதும்போது, இருவிதமாகவும் பார்க்கக்கூடிய படங்களைத் தவிர்த்துவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு விடைகளும் ஏற்கத்தக்கவை என்று ஒரு வரி சேருங்கள். அந்தச் சிறுமியின் விடைத்தாளை அவள் தாயார் இன்னும் வைத்திருக்கிறார். அந்த ஒரு மதிப்பெண்ணை இப்போதும் போட முடியுமா என்று கேட்டுவரச் சொன்னார்.

இப்படிக்கு,
தாராவி மாலை வகுப்பு ஆசிரியை