தஞ்சாவூர்க்காரர்களின் காலணாவில் வந்த ரயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் ராயபுரம் ரயில் நிலையம் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. 1856இல் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி புறப்பட்டதையும், அந்தக் கட்டடம் இன்றும் நிற்பதையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் நம் பக்கத்து ரயில் எல்லாமே லண்டன் முதலாளிகள் போட்ட பணத்தில் வந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த லண்டன் பணத்தையே எடுத்துக்கொள்வோம். மதராஸ் ரயில்வேயும், 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பாதை போட்ட கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனியும் அங்கே பங்கு விற்றுத்தான் முதல் திரட்டின. ஆனால் வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் நிச்சயம் என்று அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. குறைந்ததை ஈடுகட்டியது நம் வரிப்பணம். நஷ்டத்துக்கு அஞ்ச வேண்டாத முதலாளிகள்!

மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) - முத்துப்பேட்டை பாதையின் கதையே வேறு. அன்றைய மாவட்ட உள்ளாட்சி மன்றமான தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின் மீது ரூபாய்க்கு மூன்று பை, அதாவது காலணா, ரயிலுக்கென்றே தனி செஸ், அதாவது கூடுதல் வரி, வசூலித்தது. இரண்டு மா நிலம் வைத்திருந்தவரும் கொடுத்தார், பண்ணையாரும் கொடுத்தார். பண்ணையார் தன் பங்கைக் குத்தகைக்காரர் தலையில் கட்டியிருப்பார், அது வேறு விஷயம். அந்தப் பணம்தான் 1894 ஏப்ரல் 2ஆம் தேதி திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப்) பாதையாகத் திறக்கப்பட்டது. பிறகு பட்டுக்கோட்டை, 1903 முடிவதற்குள் அறந்தாங்கி. வண்டி ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு. பாதைக்குச் சொந்தக்காரர் ஜில்லா போர்டு. பின்னால் வந்த போத்தனூர் - பொள்ளாச்சி, திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதைகளுக்கும் அந்தந்த ஜில்லா போர்டுகள்தான் முன்கை எடுத்தன. எங்கள் பாதை அவற்றுக்கு மூத்தது.

வரைபடத்தில் இது சின்னக் கோடு. ஆனால் டெல்டாவில் பாதை போட்டவர்களைக் கேட்டால் தெரியும். ஓர் ஆற்றைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் அடுத்த ஆறு, நடுவில் வாய்க்கால்கள். மண்ணோ மழையில் சேறு, கோடையில் வெடிப்பு. அதனால் எங்கும் கரை உயர்த்தி, மதகும் பாலமுமாகத்தான் தண்டவாளம் போகிறது. இவ்வளவு பாடும் நெல்லுக்காக. மாட்டுவண்டியில் நாள் கணக்கில் கிடந்த மூட்டை, ரயில் வந்தபின் கூட்ஸ் ஷெட்டில் இறங்கி மறுநாளே வெளியூர் போனது.

ஸ்டேஷன்கள் சின்னவை. இந்தப் பாதையில் சென்னைக்குப் போய்வந்த கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய காலம் வரை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கை மட்டும் நுழைகிற டிக்கெட் ஜன்னல், தேதி குத்தும் இயந்திரத்தில் அட்டை டிக்கெட்டை வைத்து இழுக்கும்போது வருகிற 'டக்', மாஸ்டர் அறையில் சிவப்பு டோக்கன் கருவி. அதிலிருந்து எடுத்த இரும்புக் குண்டைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, போர்ட்டர் பிளாட்பார விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்பார். நிற்காத வண்டியின் டிரைவர் ஓடுகிற வேகத்திலேயே கையை உள்ளே விட்டு அதை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த ஸ்டேஷன் வரை பாதை அவருக்கு மட்டும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அகலப் பாதை வேலையில் இவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. அகலப் பாதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏழு வருஷம் ரயிலே இல்லாமல் அதற்காகத்தானே காத்திருந்தோம். 2019 ஜூனில் திருவாரூர் - காரைக்குடி வண்டி மறுபடி வந்தபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. வண்டியிலேயே வந்த ஊழியர் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு, ஓடி வந்து ஏறிக்கொண்டார். ஜில்லா போர்டு வண்டி இதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கேட்பது பெரிய காரியம் அல்ல. திருத்துறைப்பூண்டியிலோ முத்துப்பேட்டையிலோ பயணிகள் கண்ணில் படும் இடத்தில், இந்தப் பாதை எந்த ஆண்டு, யார் பணத்தில் வந்தது என்று தமிழில் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும். மிச்சமிருக்கும் டோக்கன் கருவி, கை விளக்கு, பழைய பெயர்ப்பலகை இவற்றை எடைக்குப் போடாமல் அங்கேயே ஓர் அறையில் வைக்கலாம். நிதி இல்லை என்று பதில் வந்தால் ஊரிலேயே வசூலித்துத் தருகிறோம், எங்களுக்கு அது புதிதல்ல.

அடுத்த இணைப்பில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
திருத்துறைப்பூண்டி