மைன்கிராஃப்ட் கணினி: விடை எங்கே தப்புகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிளாக் எனும் கட்டைகளை அடுக்கி ஆடும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள்ளேயே கணினி கட்டலாம் என்று சிறுவர் இணைப்பில் எழுதியிருந்தீர்கள். கட்டலாம்தான். ஆனால் ‘லாஜிக் கேட்டுகளை வரிசையாக இணைத்தால் கணினி தயார்’ என்ற வரியை நம்பி இறங்கும் பிள்ளை, விடை தப்பாக வரும்போது எங்கே தேடுவதென்று தெரியாமல் நிற்கும். கேட் என்பது வரும் சிக்னல்களைப் பார்த்து ஒரு விடைச் சிக்னல் தரும் சிறு சுற்று. பல நேரம் தப்பு கேட்டில் இருக்காது. சிக்னல் வந்து சேரும் நேரத்தில் இருக்கும்.

ரெட்ஸ்டோன் தூள்தான் இங்கே கம்பி. சிக்னல் 15 என்ற பலத்தில் புறப்பட்டு பிளாக்குக்கு ஒன்றாகக் குறைந்து அணைந்துவிடும். நடுவில் சிக்னலைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டர் வைத்தால் மறுபடி 15 ஆகும்; விலையாகக் குறைந்தது ஒரு டிக், அதாவது 0.1 விநாடி, போகும். பிளாக்கின் ஒரு பக்கம் தூள், எதிர்ப்பக்கம் ரெட்ஸ்டோன் டார்ச் என்றால் நாட் கேட்: சிக்னல் வந்தால் டார்ச் அணையும், வராவிட்டால் எரியும். அதற்கும் ஒரு டிக். இரண்டு கோடுகள் சேர்ந்தாலே ஆர் கேட், எதில் சிக்னல் வந்தாலும் எரியும். ஆனால் சேருமிடத்துக்கு முன் ஆளுக்கொரு ரிப்பீட்டர் இல்லாவிட்டால் சிக்னல் மற்ற கோட்டில் பின்னோக்கி ஓடும். இரண்டிலும் சிக்னல் வந்தால் மட்டும் எரியும் ஆண்ட் கேட்டுக்கு மூன்று பிளாக்குகளை ஒட்டி வைத்து, ஓரத்து இரண்டின் தலையில் டார்ச், நடுவின் தலையில் தூள், நடுவின் பக்கவாட்டில் மூன்றாவது டார்ச். இது இரண்டு டிக்.

இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் எரியும் எக்ஸ்-ஆர் கேட்டுக்கு, சிக்னல் பலங்களை ஒப்பிடும் கம்பேரட்டர் இரண்டு கழித்தல் நிலையில் போதும்: ஒன்று முதல் சிக்னலிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும், மற்றது தலைகீழாக. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கோடு 15, மற்றது 13 என்று வந்தால் மிச்சம் 2 கசிந்து, அணைந்திருக்க வேண்டிய விளக்கு எரியும். இரு கோடுகளிலும் கம்பேரட்டரிலிருந்து சம தூரத்தில் ரிப்பீட்டர் வைத்தால் தீர்ந்தது.

இரண்டு எக்ஸ்-ஆர், இரண்டு ஆண்ட், ஒரு ஆர் சேர்ந்தது ஒரு ஃபுல் ஆடர், அதாவது ஒரு பிட்டை (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கத்தை) கூட்டும் சுற்று. எட்டை அடுக்கினால் 8 பிட். கூட்டும்போது கையில் மிஞ்சும் 1, அதாவது கேரி, ஒவ்வொரு படியிலும் ஓர் ஆண்டையும் ஓர் ஆரையும் கடக்க வேண்டும்: மூன்று டிக். எட்டுப் படிக்கு 24 டிக், 2.4 விநாடி. 255-உடன் 1-ஐக் கூட்டிப் பாருங்கள். 8 பிட்டும் 1 ஆக இருக்கும் எண் 255; கேரி கடைசிவரை போயாக வேண்டிய கணக்கு அது. அதற்குள் விளக்குகளைப் படித்தால் பாதி வெந்த எண்தான் கிடைக்கும். ஆகவே அடுத்த கணக்கைத் தொடங்கிவைக்கும் கடிகாரத் துடிப்பு 3 விநாடிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். விடை நிலைத்த பிறகே, பக்கவாட்டு ரிப்பீட்டரால் பூட்டப்படும் எட்டு ரிப்பீட்டர்களில் அதைச் சேமிக்க வேண்டும். அவசரப்பட்டு வேகக் கடிகாரம் வைத்தால் வேறொரு வம்பு: 3 விநாடிக்குள் எட்டு முறைக்கு மேல் அணைந்து எரியும் டார்ச் கருகி நின்றுவிடும்.

இந்தத் தாமதம் சிறிய விஷயமல்ல. 2025-இல் சுமார் 43.9 கோடி பிளாக் கொள்ளும் இடத்தில், கேள்விக்குப் பதில் எழுதும் ஒரு சிறு ஏஐ உரையாடல் மாதிரியையே இந்த விளையாட்டுக்குள் கட்டினார்கள். ஆட்டத்தை 40,000 மடங்கு வேகப்படுத்தும் தனி சர்வரில் ஓட்டியும் ஒரு பதிலுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம்.

இன்னும் இரண்டு. உலகம் 16-க்கு 16 பிளாக் துண்டுகளாக இயங்குகிறது. ஆட்டக்காரர் விலகிப் போனால் தூரத்துத் துண்டு உறைந்து, மிச்சம் ஓடிக்கொண்டிருக்கும்; கணக்கு குழம்பும். அகலமாகப் பரப்பாமல் அடுக்கடுக்காகக் கட்டுவது அதனால்தான். அடுத்து, கைப்பேசியில் இருப்பது பெட்ராக் பதிப்பு. கணினிக்கான ஜாவா பதிப்பில், பிளாக்கைத் தள்ளும் பிஸ்டனுக்கு மேலுள்ள வெற்றிடத்துக்கு வரும் சிக்னலும் பிஸ்டனை இயக்கும், பெட்ராக்கில் இயக்காது. எனவே ஜாவா பதிப்பின் காணொளிகளைப் பார்த்துக் கட்டும் பிஸ்டன் சுற்றுகள் போனில் அசையாமல் கிடக்கலாம். டார்ச்சும் தூளும் ரிப்பீட்டரும் கம்பேரட்டரும் வைத்தே பிள்ளைகள் முதல் ஆடரைக் கட்டட்டும். 4 பிட் போதும்.

அடுத்த முறை வரைபடம் வெளியிட்டால், ஒவ்வொரு கேட்டின் பக்கத்திலும் எத்தனை டிக் என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை